பாக்கெட்டில் இருக்கிற கை

ஏனுங்க தம்பி, அது கேமராப் பைங்களா? அப்படின்னா கீழ வெக்காதீங்க, மடியிலயே வெச்சுக்குங்க. இந்த ரோட்டுல கீழ வெச்சது நெலையா நிக்காது. நான் இப்படி ஒண்டிக்கறேன், நீங்க சன்னல் பக்கம் தாராளமா உக்காருங்க. என்கிட்ட இந்தத் தோள்பை ஒண்ணுதான்.

கல்யாணத்துக்குங்களா? உடுமலையிலயா? நானும் உடுமலைதான். காங்கேயத்துல இருந்து வர்றேன். என்ற பொண்ணு ஊடு உடுமலையில இருக்குது, ஊட்டுக்காரியக் கூட்டிட்டு வரலாம்னு போறேன். பொண்ணுக்கு ரெண்டாவது பிரசவம். மூத்ததுக்குப் பள்ளிக்கூடம் இருக்குதுன்னு பிரசவத்த அங்கயே வெச்சுக்கிட்டாங்க. இவ பாத்துக்கப் போனா. பேரன் பொறந்து அஞ்சு மாசமாச்சுங்க, இன்னும் வரலை. கொழந்தைய உட்டுட்டு வர மனசு வராதுங்களே. அதுதான், வேற ஒண்ணுமில்லீங்க.

நீங்க போட்டோக்காரருங்கறதால உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணும். ஆனா மொட்டையாக் கேட்டா உங்களுக்கு வெளங்காது. உடுமலை போறதுக்குள்ள சொல்லிப்போடறேன். தூக்கம் வந்தாச் சொல்லுங்க, நிறுத்திக்கறேன்.

இந்தப் பாக்கெட்டப் பாத்திருக்கீங்களா? சென்னியப்பன் இட்லிப் பொடி. கோயமுத்தூர்ல எல்லாக் கடையிலயும் இப்ப இருக்குதுங்க. சரி, சென்னியப்பன் யாருன்னு நெனைக்கறீங்க? இதா, வெள்ளை மீசை, நெத்தியில விபூதி, சிரிச்ச மூஞ்சியா இருக்கறாரே, இவருன்னுதானே? கீழ எழுதியே போட்டிருக்குது, 'நிறுவனர் சென்னியப்பன்'னு.

இல்லீங்க தம்பி. சென்னியப்பன் நான்.

இந்தாங்க ஆதார் கார்டு. நீங்க நம்பறேன்னுதான் சொல்லுவீங்க, இருந்தாலும் ஒருக்காப் பாருங்க. பாத்தவங்க எல்லாம் மொதல்ல கார்டப் பாப்பாங்க, பொறவு பாக்கெட்டப் பாப்பாங்க, பொறவு என்ற மூஞ்சியப் பாப்பாங்க. அந்த மூணாவது பார்வையில ஒரு பரிதாபம் வருது பாருங்க, அதைத்தான் என்னால தாங்க முடியலை. நீங்க அப்படிப் பாக்கலை, சந்தோசம்.

இந்தக் கம்பெனிய ஆரம்பிச்சது நானுங்க. அதுக்கு முன்ன சைக்கிள் கடை வெச்சிருந்தேன். ஊர்ல எல்லாரும் மோட்டார் சைக்கிள் வாங்குனப்ப அது படுத்துப் போச்சு. என்ற ஊட்டுக்காரி பாவாத்தா பொடி அரைப்பா. ஒறம்பரை யாராவது வந்தா, போறப்ப ஒரு டப்பா குடுத்து உடுவா. அவங்க அடுத்த தடவ காலி டப்பாவோட வருவாங்க. இதப் பாத்துத்தான் எனக்கு ஒரு ரோசனை தோணுச்சுங்க, ஏன் இதக் கடைக்குப் போடக்கூடாதுன்னு. அந்த ரோசனை என்றதுதான். சைக்கிள்ல கட்டிட்டு காங்கேயம், வெள்ளக்கோயில், சென்னிமலைன்னு கடை கடையா ஏறி எறங்குனது நான். பேரு வெச்சது நான், லைசென்ஸ் வாங்குனது நான். அவ வறுத்து இடிச்சுக் குடுப்பா, அவ்வளவுதான். பருப்பு எந்தப் பதத்துல எறக்கறது, மொளகா எத்தன, எள்ளு எப்பப் போடறதுங்கறதெல்லாம் அவ பாத்துக்குவா. மிச்சம் அத்தனையும் நாந்தானுங்க.

இருபத்தி ரெண்டு வருசம் அப்படியே ஓடுச்சு. பாக்கெட்டுல படம் கெடையாது. மஞ்சக் காயிதம், செவப்பு எழுத்து. யாரும் ஒண்ணும் கேக்கலை.

என்ற பையன் லோகு படிச்சுட்டு வந்து கணக்கு வழக்கெல்லாம் கையில எடுத்தான். எடுத்ததும், அப்பா, நம்ம பொடி நல்லாருக்குது, ஆனா நமக்கு மூஞ்சி இல்லைன்னான். பொடிக்கு எதுக்குடா மூஞ்சின்னேன். கோயமுத்தூர்ல இருந்து ஆல்வின்னு ஒருத்தரக் கூட்டிட்டு வந்தான். கம்பெனிகளுக்குப் படம் எடுத்துக் குடுக்கறவரு. நல்ல மனுசனுங்க. செருப்ப வாசல்லயே உட்டுட்டு வந்து, ஊட்டுக்குள்ள பாயில உக்காந்துதான் பேசுனாரு.

அவரு சொன்னது எனக்கு இப்பவும் ஞாபகம் இருக்குது. கடையில ஒருத்தங்க ஒரு பாக்கெட்டப் பாக்கறது ரெண்டு நொடிதானாம். அந்த ரெண்டு நொடியில ருசி தெரியாது. யாரோ ஒருத்தங்க நமக்காக ஊட்ல உக்காந்து பண்ணிருக்காங்கன்னு மட்டும் தோணோணுமாம். அதுக்கு மூணு படம் வேணும்னாரு. ஒரு மூஞ்சி, ஒரு கை, அப்பறம் பொருளு. மூஞ்சியப் பாத்தா நம்பிக்கை வரும், கையப் பாத்தா ஒழைப்புத் தெரியும், பொருளப் பாத்தா பசிக்கும். மூணும் ஒரே ஊட்ல எடுத்த மாதிரி, ஒரே வெளிச்சத்துல இருக்கோணும்னாரு. நீங்களும் அப்படித்தான் சொல்லுவீங்களாட்ட இருக்குது, தலையாட்டறீங்க.

பேசிட்டிருக்கறப்ப பாவாத்தா மோர் கொண்டாந்து குடுத்தா. அவரு குடிச்சுட்டு, பொடி யாரு பண்றதுன்னு கேட்டாரு. நம்ம கம்பெனிதான்னேன். இல்லீங்க ஐயா, வறுக்கறது யாருன்னாரு. இவதான்னேன்.

"அப்படின்னா அம்மாவையே வெச்சு எடுக்கலாமே ஐயா."

எனக்குச் சுருக்குன்னு ஆயிப்போச்சுங்க. நீங்களே சொல்லுங்க, ஊட்டுப் பொம்பள மூஞ்சிய பாக்கெட்டுல அச்சடிச்சு, அது ஊர் ஊராப் போயி, தின்னுட்டு வாங்குனவன் குப்பையில போடுவான், ரோட்டுல கெடக்கும், நாலு பேரு மிதிப்பான். அவளுக்கு ஒரு மருவாதி இருக்குதில்லீங்களா? அதெல்லாம் ஆகாது, மூஞ்சின்னா அது நிறுவனர் மூஞ்சிதான்னு சொல்லிப்போட்டேன். பாவாத்தா டம்ளர எடுத்துட்டு உள்ள போயிட்டா. அவளுக்கும் அதுல இஷ்டமில்லைன்னுதானே அர்த்தம்.

ஆவணியில ஒரு நாள் காலையில ஏழு மணிக்கே வந்துட்டாங்க. கெழக்கு சன்னல் வெளிச்சம் வேணும்னாரு. சன்னலுக்கு வெள்ளைத் துணி கட்டி, எதுத்தாப்புல தெர்மாகோல் அட்டைய நிறுத்தி, பின்னால கறுப்புத் துணி. எங்க சமையக்கட்டே எனக்கு அடையாளம் தெரியலைங்க. மொதல்ல பொருளு எடுத்தாங்க. அந்த வேடிக்கையச் சொல்றேன் கேளுங்க, உங்களுக்குத் தெரிஞ்சதுதான். இட்லியில ஆவி பறக்கோணும்னு, பஞ்ச நனைச்சுச் சூடு பண்ணி இட்லிக்குப் பின்னால ஒளிச்சு வெச்சாங்க. கருவேப்பிலை மேல கிளிசரின் தெளிச்சாங்க, அப்பத்தான் பறிச்ச மாதிரி இருக்கோணுமாம். பாவாத்தா அதப் பாத்துட்டு வாய மூடிட்டுச் சிரிச்சா. கருவேப்பிலை நம்ம ஊட்டுக்குப் பின்னால பொடக்காளியிலயே இருக்குதே, பறிச்சுட்டு வந்தாப் பத்தாதான்னு கேட்டா. பறிச்சது பறிச்ச மாதிரி படத்துல தெரியாதும்மான்னாரு.

அப்பறம் என்ற மூஞ்சி. அங்கதாங்க வந்தது வென. சிரிங்க ஐயான்னாரு. சிரிச்சேன். இல்லீங்க, கண்ணு சிரிக்கோணும்னாரு. கண்ணு எப்படிங்க சிரிக்கும்? பேரப்புள்ளைய நெனைச்சுக்குங்கன்னாரு. நெனைச்சேன். லோகு பின்னால நின்னு, அப்பா, போலீஸ் ஸ்டேசனுக்கு மனுக் குடுக்க வந்தவராட்ட இருக்கறீங்கன்னான். சட்டைய மாத்தினாங்க, மீசைய ஒதுக்குனாங்க, உக்கார வெச்சாங்க, நிக்க வெச்சாங்க. நூறு படத்துக்கு மேல எடுத்திருப்பாரு. பரவால்லீங்க ஐயா, பாத்துக்கலாம்னாரு. அந்தப் பரவால்லைக்கு என்ன அர்த்தம்னு எனக்கு அப்பத் தெரியலை.

பொறவு கை. அடுப்புல வாணலி, அதுல பருப்பு, நான் கரண்டியப் புடிச்சு வறுக்கோணும். நான் வறுத்ததே இல்லைன்னு சொல்ல மாட்டேன், ஆனா பழக்கம் உட்டுப் போச்சுங்க. மொதல் வாணலி தீஞ்சு போச்சு. ரெண்டாவது அதை உட மோசம். மூணாவதுல எண்ணெய் தெறிச்சு என்ற கையில பட்டு, கரண்டியக் கீழ போட்டுட்டேன். ஊடு பூராப் பொகை. பாவாத்தா உள்ள வந்து வாணலியக் கழுவி வெச்சு, பருப்பக் கொட்டி வறுக்க ஆரம்பிச்சா. ஆல்வின் கேமராவத் தூக்குனவரு தூக்குனவருதான். அசையவே இல்லை. எடுக்க எடுக்க, அய்யோ இந்தக் கை, இந்தக் கைன்னு வாய்க்குள்ளயே சொல்லிட்டிருந்தாரு. பாவாத்தா கையில என்னங்க இருக்குது? கறுத்து, நரம்பு தெரிஞ்சு, கட்டை வெரல்ல ஒரு பழைய தழும்பு. எனக்கு ஒண்ணும் தெரியலை.

சரி, கை கெடைச்சாச்சு. ஆனா லோகு ஒரு பேச்சுச் சொன்னான். மூஞ்சி அப்பாவுது, கையில வளையல் இருந்தா ஒட்டாதேன்னான். நெசந்தானுங்களே. கழட்டிக் குடு புள்ளைன்னேன். தங்க வளையல் நாலும் சோப்புப் போட்டதும் வந்துருச்சு. கண்ணாடி வளையல் ரெண்டு, பச்சை ஒண்ணு செவப்பு ஒண்ணு, அது வரலை. ஆடிப்பூரத்துக்கு எங்க ஊர் அம்மனுக்குச் சாத்தி, பொம்பளைங்களுக்குக் குடுப்பாங்க பாருங்க, அந்த வளையல். சுகந்திக்கு, என்ற பொண்ணுக்குத்தான், நல்லபடியாப் பொறக்கோணும்னு வேண்டிட்டுப் போட்டிருந்தா. கோயல்ல ஒரு அம்மா இவ கையப் பெசஞ்சு பெசஞ்சு ஏத்தி உட்டதாம். இப்ப எறங்க மாட்டேங்குது.

ஆல்வின் அப்பவே சொன்னாருங்க, அத மறைக்க மாட்டேன். வேண்டாங்க ஐயா, இருக்கட்டும், கம்ப்யூட்டர்ல எடுத்துக்கலாம்னாரு. எனக்கு ஏற்கனவே அந்தப் பஞ்சும் கிளிசரினும் மனசுல உறுத்திட்டிருந்துச்சு. இட்லிதான் பொய்யின்னாப் போகட்டும், கையாவது நெசமா இருக்கட்டும்னு தோணுச்சு. நம்ம பொருள்ல ஏமாத்து வேலை ஆகாதுன்னு சொன்னேன். புருசன் செத்த ஊட்ல பொம்பளைக்கு வளையல் ஒடைக்கற மாதிரி ஒடைக்கப் போறமா என்ன? நாந்தான் உசுரோட முன்னால நிக்கறனே. இதுல என்ன சாஸ்திரம்?

அவ வலது கை மணிக்கட்ட இந்த எடது கையில வளைச்சுப் புடிச்சேன், சில்லு மேல ஏறிக் குத்திரக் கூடாதுன்னு. இடுக்கிய எடுத்தேன். அப்பத்தான் பாவாத்தா நிமுந்து என்னையப் பாத்தா.

"உங்க கையாலயேவா?"

அவ்வளவுதான் கேட்டா. பயந்துக்கறாளாட்டன்னு நெனைச்சுட்டு, வேற யாரு கையில குடுக்கறது, நான்னா பதனமாப் பண்ணுவேன்னு சொன்னேன். நெசமாலுமே பதனமாத்தான் பண்ணேன் தம்பி. ரெண்டே தட்டு. ஒரு சின்னக் கீறல், இங்க, மணிக்கட்டுக்குப் பக்கத்துல, ஒரு சொட்டு ரத்தம். மஞ்சள் வெச்சு அமுக்கிட்டு மறுபடியும் வறுக்க உக்காந்துட்டா. ஆல்வின் கேமராவக் கீழ எறக்கிட்டாரு. வெளிச்சம் போகுதுன்னு லோகுதான் அவசரப்படுத்துனான்.

பொறவு என்னாச்சுன்னு கேளுங்க. பத்து நாள் கழிச்சு லோகு லேப்டாப்பத் தூக்கிட்டு வந்து என்ற பக்கத்துல உக்காந்தான். அப்பா, கோவிச்சுக்காதீங்கன்னான். உங்க மூஞ்சிய நாப்பது பேருகிட்டக் காட்டிக் கேட்டோம், ஒருத்தருக்கும் வாங்கத் தோணலையாம்னான். கோயமுத்தூர்ல ராஜரத்தினம்னு ஒருத்தரு, வெளம்பரத்துக்கு வர்றவரு, அவர வெச்சு எடுத்தாச்சுன்னு படத்தக் காட்டுனான். இதே படந்தான். பேரு உங்க பேருதானப்பா இருக்குது, உங்களுக்காகத்தான் பண்றேன்னான். நாப்பது பேரு சொல்லியிருக்கறாங்க. பாவாத்தாளக் கூப்புட்டுக் காட்டுனேன், இங்க பாரு, என்னையத் தூக்கிட்டானுக, உன்னைய வெச்சிருக்கறானுகன்னு. அவ கையத்தான் வெச்சிருந்தாங்க. கிட்டக்க வந்து பாத்தா. பாத்துட்டு, முடி மொளைச்சிருக்குதுன்னா.

ஆமாங்க. நீங்களும் பாருங்க, பாக்கெட்ட வெளிச்சத்துல புடிச்சுப் பாருங்க. கை அவளுதுதான், ஆனா கம்ப்யூட்டர்ல முடி வெச்சு, மணிக்கட்டத் தடிப்பாக்கி, ஆம்பளை கையாப் பண்ணிப்போட்டாங்க. அந்தக் கீறலையும் எடுத்துட்டாங்க. ஆல்வின் பண்ணலைங்க, அவரு முடியாதுன்னுட்டாராம். வேற ஆருகிட்டயோ குடுத்துப் பண்ணிருக்கறாங்க. அவளுக்காச்சும் கை இருக்குது. எனக்குத்தான் ஒண்ணுமே இல்லை. அதைத்தான் அவகிட்டயும் சொன்னேன், நீ குடுத்து வெச்சவன்னு.

புதுப் பாக்கெட்டுக்கு விழா வெச்சாங்க, திருப்பூர்ல ஒரு மண்டபத்துல, கார்த்திகைக் கடைசியில. நானும் பாவாத்தாளும் போயி ரெண்டாவது வரிசையில உக்காந்தோம். மொதல் வரிசை கடைக்காரங்களுக்குன்னு ஒதுக்கியிருந்துச்சு. ராஜரத்தினம் கார்ல வந்து எறங்குனாரு பாருங்க, கூட்டமே எந்திரிச்சுருச்சு. பாக்கெட்டுல இருக்கற மூஞ்சியாச்சே. ரெண்டு பேரு கால்ல விழுந்தாங்க. அந்த மனுசன் மேலயும் கோவப்பட முடியலைங்க. நேரா என்கிட்ட வந்து கையப் புடிச்சுட்டு, மன்னிச்சுக்குங்க சார், என்னைய வரச் சொன்னாங்கன்னாரு. அவரு என்ன பண்ணுவாரு, பாவம்.

மேடையில பேசறதுக்கு ஒரு பொண்ண வெச்சிருந்தாங்க. அதுக்கு வெவரம் பத்தலை. நிறுவனர் ஐயாவும் அம்மாவும் குத்துவெளக்கு ஏத்துவாங்கன்னு மைக்குல சொல்லிப்போடுச்சு. ராஜரத்தினம் மேடையில நிக்கறாரு. அம்மா யாருன்னு தேடி, லோகுகிட்டக் கேட்டு, பாவாத்தாள வந்து கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயி அவரு பக்கத்துல நிறுத்திட்டாங்க. கையில மெழுகுவத்தியும் குடுத்தாச்சு. நான் பின்னாலயே போனேன், மேடைப் படியில நின்னுட்டேன். பாவாத்தா என்னையத் திரும்பிப் பாத்தா. நானூறு பேரு பாத்துட்டிருக்கறாங்க தம்பி. லோகு கீழ இருந்து கையெடுத்துக் கும்புடறான், கெடுத்துப்போடாதீங்கங்கற மாதிரி. இவரு இல்லை நிறுவனர், நானுன்னு அப்பச் சொன்னா கம்பெனி பேரு என்னத்துக்கு ஆகும்? நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?

"ஒரு போட்டோவுக்குத்தானே, நில்லு புள்ளை"ன்னேன்.

அவ நிக்கலை. மேடையில இருந்து எறங்கி வந்து, மெழுகுவத்திய என்ற கையில குடுத்துட்டு, கூட்டத்துக்கு நடுவுல நடந்து வெளிய போயிட்டா. நான் மெழுகுவத்தியோட நிக்கறேன். மண்டபத்துப் போட்டோக்காரன் என்னையப் பாத்து, பெரியவரே, படத்துல விழறீங்க, கொஞ்சம் ஒதுங்குங்கன்னான். ஒதுங்குனேன். வேற என்ன பண்றது?

அங்கிருந்தே ஆட்டோ புடிச்சு, பஸ் ஏறி உடுமலை போயிட்டா. எப்படியும் பிரசவத்துக்குப் போறவதானே, இருவது நாளு முன்னாலயே போயிட்டா, அவ்வளவுதான். எல்லாருகிட்டயும் அப்படித்தான் சொல்லியிருக்கறேன். கோவமெல்லாம் அவளுக்கு வராதுங்க. முப்பத்தெட்டு வருசத்துல ஒருக்கா சத்தம் போட்டதில்லை.

ஆமாங்க, போனு பண்றேன், தெனமும். சுகந்திதான் எடுக்கும். அம்மா கொழந்தையக் குளிப்பாட்டுது, அம்மா கோயலுக்குப் போயிருக்குதுன்னு சொல்லும். அஞ்சு மாசமாக் குளிப்பாட்டுது.

இதுக்கு நடுவுல பொடியும் கெட்டுப் போச்சுங்க. கெட்டுன்னா, வண்டு கிண்டு இல்லை. ருசி இல்லை. மிசினு இருக்குது, வறுக்க ஏழு பொம்பளைங்க இருக்கறாங்க, அளவெல்லாம் எழுதி செவுத்துல ஒட்டியிருக்குது. ஆனா எப்ப எறக்கறதுன்னு அவ மோந்து பாத்துச் சொல்லுவா. அத எப்படிங்க செவுத்துல ஒட்டறது? கடையில இருந்து சரக்குத் திரும்பி வருது. படம் நல்லாருக்குது, பொடி முன்ன மாதிரி இல்லைங்கறாங்க. லோகு ரெண்டு வாரமாச் சோறு எறங்காம இருக்கறான். முந்தா நாளு வந்து, அப்பா, போயி அம்மாவக் கூட்டிட்டு வாங்க, நான் கூப்புட்டு வரலைன்னான். அவன் கூப்புட்டே வரலைன்னா, நான் கூப்புட்டா வருவாளா?

நேத்து சுகந்திக்குப் போனு போட்டு, நாளைக்கு வர்றேன், அம்மாகிட்டச் சொல்லுன்னேன். அது மொதல்ல சரின்னுச்சு. பொறவுதான் சொல்லுச்சு. அப்பா, அம்மா இங்க வந்தன்னைக்கு இருந்து கையில வளையலே போடலை, தங்க வளையல் பொட்டியிலயே கெடக்குது, நாங்களும் சொல்லிச் சொல்லிப் பாத்துட்டோம், பேரனுக்குப் பேரு வெச்சன்னைக்கும் வெறுங்கையோடதான் நின்னுச்சு, சம்பந்தி ஊட்ல கேக்கறாங்கன்னுச்சு. ஏன் போடலைன்னு கேட்டியான்னேன். கேட்டேன், கழட்டுனவரு உசுரோடதான இருக்கறாரு, அவரக் கேளுன்னுச்சுன்னு சொல்லுச்சு.

அத எப்படி எடுத்துக்கறதுன்னு எனக்குத் தெரியலை தம்பி. தமாசாச் சொன்னாளா, எப்படிச் சொன்னாள்னு நேத்தெல்லாம் அதே வெசனம். எனக்குப் பயமா இருக்குதுங்க. போயி நின்னா உள்ள வாங்கன்னு சொல்லுவாளான்னே தெரியலை.

அதான் வளையல் வாங்கிட்டுப் போலாம்னு முடிவு பண்ணேன். கண்ணாடி வளையல், பச்சையும் செவப்பும். நாந்தான ஒடைச்சேன், நானே வாங்கிக் குடுத்தா ஆச்சு. இப்ப தாராபுரத்துல பஸ் நின்னப்ப எறங்கிக் கடைக்குப் போனேன். கடைக்காரம்மா, அளவு சொல்லுங்கன்னாங்க. அளவுங்களா? வளையலுக்கு அளவு இருக்கும்னு தெரியும், ஆனா பாவாத்தா அளவு தெரியலை. ரெண்டு நாலா, ரெண்டு ஆறா, ரெண்டு எட்டான்னு கேக்கறாங்க. பெரிசா எடுத்தா வழுகி விழும், சின்னதா எடுத்தா ஏறாம ஒடையும், பாத்துச் சொல்லுங்கன்னாங்க. ஒடையும்னதும் கையில எடுத்த வளையலத் திருப்பி வெச்சுட்டேன். சுகந்திக்குப் போனு போட்டேன். அம்மிணி, அம்மா கை அளவு என்னன்னு கேட்டேன்.

"அதை அம்மாகிட்டயே கேளுங்கப்பா"ன்னுச்சு.

அம்மாகிட்டக் குடுன்னேன். வெச்சுருச்சு. பஸ்ஸுக்காரன் ஆரன் அடிச்சான், வாங்காமயே ஏறிட்டேன். ஏறி உக்காந்தா, உங்க மடியில கேமராப் பை.

கரண்டு எடுக்கற காத்தாடியெல்லாம் பின்னால போயிருச்சு, இனி உடுமலை கிட்டக்கத்தான். இப்பக் கேக்கறேன் தம்பி, அதுக்குத்தான் இத்தன கதையும் சொன்னேன். நீங்க இந்தத் தொழில்காரரு. இந்தப் பாக்கெட்டுல இருக்கற கையப் பாருங்க. முடிய உட்டுருங்க. அவன் எவ்வளவு தடிப்பாக்கியிருப்பான்னு உங்களுக்குத் தெரியுமில்லீங்களா, அதைக் கழிச்சுப்போட்டு, நெசத்துல இந்தக் கை எவ்வளவு இருக்கும்னு மட்டும் சொல்லுங்க. இதா, பக்கத்துல கரண்டி இருக்குது, அது எங்க ஊட்டுக் கரண்டிதான். அத வெச்சுக் கணக்குப் போட முடியாதுங்களா?

முடியாதுங்களா.

சரிங்க. நீங்க என்ன பண்ணுவீங்க. மாத்துன படத்துல இருந்து எடுக்க முடியாதுன்னா முடியாதுதான்.

இருங்க, இருங்க. அன்னைக்கு இந்தக் கையிலதான புடிச்சேன். இந்த எடது கையில. இப்படிப் பெருவெரலையும் நடு வெரலையும் வளைச்சு... இல்லீங்க, இன்னும் சின்னது. வெரலு ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நின்னுச்சு, அது ஞாபகம் இருக்குது. இத்தனூண்டு கைதானான்னு அன்னைக்கே நெனைச்சேன். முப்பத்தெட்டு வருசத்துல அவ கைய நான் அப்படிப் புடிச்சது கல்யாணத்தன்னைக்கு ஒருக்கா, பொறவு அன்னைக்குத்தானுங்க. இதா, இப்படி. இவ்வளவுதான் இருந்துச்சு. இதுல பாதி நகம் ஏறி, ஆமா, இப்படித்தான்.

பஸ் ஸ்டாண்டு வந்துருச்சாட்டங்க. எறங்குன எடத்துலயே ரெண்டு வளையல் கடை இருக்குது. நான் இந்தக் கைய இப்படியே புடிச்சுட்டுப் போயி அவங்ககிட்டக் காட்டிக்கறேன், இதுல எது ஏறுமோ அதக் குடுங்கன்னு. வெரல எடுத்தா மறுபடியும் மறந்துரும். தம்பி, சிரமத்துக்குக் கோவிச்சுக்காதீங்க, படியில எறங்கறதுக்கு இன்னொரு கை வேணும். என்ற தோள்பைய எடுத்துத் தோள்ல மாட்டி உடுங்க.